புல்தரையில் வெட்டிய குழி

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். வந்த பிறகு கொடைக்கானலில் பைப் வேலை பார்த்தார். ஏரிக்கு மேலே ஒரே முதலாளிக்கு ஆறு பங்களாக்கள் இருந்தன. ஆறுக்கும் இவர்தான் ஆள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் இரண்டு மகள்களும் பள்ளிக்கூடம் போனது அந்த வேலையில்தான்.

மண்ணுக்குள் பைப் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாது. இவர் வெள்ளனே போய், எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார். பால் பொங்கப் போகிற மாதிரிச் சத்தம் வந்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. பிறகு வால்வை மூடிவிட்டு வந்து இரண்டாவது தடவை கேட்க வேண்டும். சத்தம் நின்றால் பைப். நிற்காவிட்டால் மலைக்குள் ஓடுகிற ஊற்று. அதைத் தோண்டக் கூடாது.

பீரங்கிச் சத்தத்தில் கெட்ட காது வரவர மோசமானது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

“நீ வந்து கேளு புள்ள. யாருக்கும் தெரிய வேணாம்” என்றார்.

சாமான் பை தூக்குகிற சாக்கில் கூடப் போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து நான் காது வைப்பேன், தலையாட்டுவேன். ஆட்கள் வந்தால் அவர் கேட்பது போலக் காட்டுவார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பெரிய பங்களாவின் புல்தரையில் சத்தம் கேட்டேன். இவர் வால்வை மூடப் போனார்; மூடியதும், அவர் வந்து சேருவதற்குள் நான் மறுபடி காது வைத்துவிட வேண்டும். அதற்குள் பங்களா மேலாளர் ஆட்களோடு வந்துவிட்டார். இவர் திரும்பி வந்ததும் கேட்டார்.

“என்ன மிலிட்டரி, இப்பல்லாம் சம்சாரத்தோடதான் வர்றீக? தனியா விட மாட்டேங்குதாக்கும்?”

“பை கனங்க. முதுகு புடிச்சுருச்சு” என்றார் இவர்.

“பாத்துங்க, நாளைக்கு வேலையையும் தங்கச்சியே பாத்துரும்.”

கூட இருந்த தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆண்கள் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது. இவர் கம்பியில் காதை வைத்துக்கொண்டு, ‘நின்றுவிட்டதா’ என்று கண்ணால் கேட்டார். நான் இரண்டாவது தடவை காதே வைக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

மத்தியானம் வரை தோண்டினார்கள். பைப் துருகூட இல்லாமல் முழுசாக இருந்தது. அதன் அடியிலிருந்து சேறும் தண்ணீருமாகக் கொப்பளித்து வந்தது. ஊற்று. தங்க வந்திருந்தவர்கள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்னய்யா மிலிட்டரி இது?” என்றார் மேலாளர்.

“என் தப்புங்க” என்றார் இவர். காதைப் பற்றியும் சொல்லவில்லை, என்னைப் பற்றியும் சொல்லவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் நாங்களே மண்ணைத் தள்ளி, புல்லைப் பத்தை பத்தையாக வைத்து மிதித்தோம். அதற்குப் பிறகு ஆறு பங்களாவிலிருந்தும் கூப்பிட்டு விடவில்லை.

குழியை மூடி முடித்த அன்று சாப்பிடும்போது கேட்டார்.

“ரெண்டாவது தடவ காது வச்சியா?”

“வச்சேன்” என்றேன்.

தட்டை என் பக்கம் நகர்த்தினார். “சரி, கொழம்ப ஊத்து” என்றார்.

பிறகு பேத்துப்பாறையில் தோட்ட வேலைக்குப் போனார். முட்டைக்கோசுக்கும் பூண்டுக்கும் பாத்தி வெட்டினார். மூத்தவளை அந்த வேலையிலேயே கட்டிக்கொடுத்தார். ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. எண்பதுகளின் நடுவில், ஒரு மார்கழியில் இறந்தார். வந்தவர்கள் என்னை அழச் சொன்னார்கள். அழுகை வரவில்லை. அப்போது என்ன நினைத்தேன் என்றும் ஞாபகம் இல்லை.

இறப்பதற்கு முந்தின வருடம், ஒரு சாயங்காலம் வேலைவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போது இரண்டு காதும் அநேகமாகப் போய்விட்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அன்னைக்கு ரெண்டாவது தடவ நான் காது வைக்கலங்க” என்றேன்.

அவர் திரும்பினார். “என்ன புள்ள?”

“வெந்நி காஞ்சிருச்சுன்னேன்” என்று சத்தமாகச் சொன்னேன்.

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.