இல்லாத பேண்டும் அந்தோணி அண்ணனின் விசாவும்

இன்று சைட்டிலிருந்து கேம்புக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அந்தோணி அண்ணன். ஊர் குளச்சல், இங்கே வளைகுடாவில் வேலை வெல்டர். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் மாண்டலின் வாசிப்பார்.

ஒரு வாரமாக அவருக்கு ஒரே பாட்டுதான். ஒரு அமெரிக்கப் படத்தில் நான்கு பேர் ஒற்றை மைக்கைச் சுற்றி நின்று, பாஞ்சோவும் மாண்டலினுமாகப் பாடுகிற புளூகிராஸ் என்னும் அந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டு.

"மக்கா, இவனுவளுக்க வேற பாட்டு இருந்தா தேடித் தா" என்று கேட்டிருந்தார்.

தேடினேன். அப்படி ஒரு பேண்டே கிடையாது. படத்துக்காக உண்டாக்கியது. நடிகர்கள் வாயை மட்டும் அசைத்திருக்கிறார்கள். வாசித்தவர்கள் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் ஓடுகிறது.

எங்கள் கேம்ப் இருக்கும் சோனாப்பூர் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னேன். மனுஷன் உடைந்துபோவாரோ என்று பயம்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டே. மாண்டலின்காரனுக்க வெரலு ஒரு பக்கம் போவுது, சத்தம் வேற பக்கம் வருது."

"அப்புறம் ஏண்ணே தேடச் சொன்னீங்க? மொத்தமும் டூப்பு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்க விசாவுல என்ன தொழில் போட்டிருக்கு தெரியுமா? டெய்லர். கம்பெனிக்குக் கெடச்ச விசா அதுதான். ஊசில நூலு கோக்கத் தெரியாது எனக்கு. அப்ப ஒம்பது வருசமா நான் வச்ச வெல்டிங் டூப்பாடே? வாசிச்சவனுவ பேரைத் தேடித் தா."

தேடி அனுப்பிவிட்டேன்.

பிறகு என் விசாவை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருடமாக ஸ்டோரில் பைப் எண்ணுகிற நான் அதில் சமையல்காரன். என் சாம்பாரைச் சாப்பிட்ட ரூம்மேட்டுகள் கமெண்டில் அமைதி காக்கவும்.

மற்றவர்கள் சொல்லுங்கள், உங்கள் விசாவில் நீங்கள் யார்?