ஊட்டிக்குப் போன ஆவடி பஸ்

சுற்றுலா பஸ்ஸில் மேனேஜர் என்பவன் மழைக்கும் பஞ்சருக்கும் அடுத்தவர் வாந்திக்கும் மன்னிப்புக் கேட்கப் பிறந்தவன். ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்டு, பிறகு அதே ஜன்னலில் தலையைச் சாய்த்துத் துவண்டுபோன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் தைரியமாகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருஷம் அந்த வேலை பார்த்தேன். வடக்கே பல ஊர் சுற்றிவிட்டு ஆவடிக்கே திரும்பி வந்திருக்கும் இந்த வயதில், அந்தப் பயணங்களெல்லாம் கலந்து ஒரே மூட்டமாகிவிட்டன. ஒன்று மட்டும் கலையாமல் நிற்கிறது.

குமணன்சாவடியில் ஏறியவர்கள்

சனிக்கிழமை மத்தியானம். ஆவடித் தொழிற்சாலை ஒன்றின் பட்டறைக்காரர்கள் குடும்பத்தோடு போக பஸ்ஸை அமர்த்தியிருந்தார்கள். ஞாயிறு ஒரு மணிக்கு ஊட்டியை விட்டால்தான் திங்கள் காலை ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். குமணன்சாவடியில் கன்னியப்பனும் அவர் மனைவி சரசுவும் ஏறினார்கள். கல்யாணமான புதிதில், ஊட்டி ஏரியில் படகில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாராம் கன்னியப்பன். வருஷா வருஷம் ஓவர்டைம் குறுக்கே வந்துவிட்டது. சரசு உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்: "தோட்டம், பூவு எதுவும் காட்டாட்டியும் பரவால்ல சார். போட்ல மட்டும் ஏத்தி உட்ருங்க. இந்தாள நம்பினா நான் இன்னொரு தபா பொறந்துதான் வரணும்."

கொண்டை ஊசி வளைவு

விடிந்தபோது மேட்டுப்பாளையம். பாக்கு மரங்களுக்கு மேலே, யாரோ நீலத்தில் முக்கிக் காயப்போட்ட துணிபோல மலை தொங்கியது. ஏற ஏறப் பேச்சு குறைந்தது. எலுமிச்சம்பழம் கைமாறிக்கொண்டே போனது. ஜன்னல் வழியே மேகம் நுழைந்து, மடியில் தூங்கிய குழந்தைகளின் முடியில் பொடிப்பொடியாக உட்கார்ந்தது. திருப்பத்தில் எட்டிப் பார்த்தால், நாங்கள் வந்த பாதையே வேறு யாரோ போன பாதை மாதிரி கீழே கிடந்தது. பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர் வெளிறிய முகத்தோடு என்னைக் கூப்பிட்டார்: "இம்மாந்தூரம் சுத்திச் சுத்தி இன்னாத்துக்கு நைனா? கீய ஒரு கொக்கிய மாட்டிக் குடுத்தா, பஸ்ஸ அப்பிடியே மேல வெச்சிருப்பேனே."

காணாமல் போன ஏரி

ஏரிக்கரைக்குப் போனால் ஏரி இல்லை. வெள்ளைப் பனி. அதற்குள்ளிருந்து ஒரு குதிரையின் தலை மட்டும் வந்தது. கொஞ்சம் கழித்து உடம்பு. பனி விலகும்வரை படகு கிடையாது என்று சொல்லிவிட்டுப் படகுக்காரர் பீடியைப் பற்றவைத்தார். எல்லாரும் வரிசையில் நின்றோம். பத்து ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. சரசு கரையில் தண்ணீர் தட்டும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமாதானம் சொல்லக் கிட்டே போனேன். கன்னியப்பன் தடுத்துவிட்டார்: "நீ இன்னா பண்ணுவ சார்? உள்ள ஏரி கீதுன்னு நானே அவளாண்ட சத்தியம் பண்ணிக்கினு கீறேன்."

பன்னிரண்டு மணி

பனி மெல்ல நூல் நூலாகப் பிரிந்தது. "மறுபடி மூடறதுக்குள்ள ஒரே ஒரு நடை" என்று படகுக்காரர் துடுப்பை எடுத்தார். அப்போது ஊருக்குள் எங்கோ பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் திரும்பி பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தொழிற்சாலையில் சங்கு ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவரவர் வேலை இடத்துக்குப் போய்விட வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அவர்கள் கால்களுக்குத் தெரியவில்லை. பாதிப்பேர் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெண்கள் நகரவில்லை. படகுக்காரர் முன்னால் நின்ற நாலு பேரை ஏற்றிக்கொண்டார். முதல் ஆள் சரசு. கன்னியப்பன் மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் படகு பனியில் பாதி கரைந்திருந்தது. "ஏ சரசு, நானும் வரேன், நிறுத்தச் சொல்லுடி" என்றார். பனிக்குள்ளிருந்து நிதானமாகக் குரல் வந்தது: "சங்கு ஊதிச்சில்ல, நீ வேலைக்குப் போய்யா. நான் மெதுவா வரேன்."

எத்தனையோ குடும்பங்களை அந்த மலைக்கு ஏற்றி இறக்கியிருக்கிறேன்; ஊட்டியைத் திருப்தியாகப் பார்த்தவர் என்று நான் அடித்துச் சொல்லக்கூடியவர், பனிக்குள் எதையுமே பார்த்திருக்க முடியாத அந்த ஒரு பெண்மணிதான்.