அண்ணன் சுட்ட முழுச்சேவல்

அந்தச் செஞ்சேவலை அண்ணன் எட்டிப் பிடித்த பிடி இன்னும் கண்ணில் நிற்கிறது. கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். அப்பாவும் அம்மாவும் மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தார்கள். முற்றத்தில் மேய்ந்தவற்றில் கொழுத்தது அதுதான். அது எதற்காக வளர்கிறது என்று அவனுக்கும் தெரியாது. நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டு, அப்போதுதான் லீவுக்கு வந்திருந்த எனக்கும் தெரியாது.

அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். எங்கள் ஊரில் ஆண்கள் கரண்டி பிடிப்பது கோயில் கிடாவெட்டில் மட்டும்தான். அதனால் யார் விசாரித்தாலும் அப்பா, "கப்பல்ல வேலைங்க" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். என்ன வேலை என்று வாய் திறக்க மாட்டார். அண்ணனுக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. "அப்பா ஒருக்கா என்ற கைச்சமையலத் தின்னு பாக்கட்டும் கண்ணு, அப்பறம் சொல்லட்டும்" என்றான் என்னிடம்.

பெரு நாட்டில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கற்றுக்கொண்ட பக்குவம் அது. சேவலைத் துண்டு போடாமல், தோலோடு, பூண்டும் சீரகமும் எங்கள் தோட்டத்து மிளகும் அரைத்து எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசினான். பெட்டியிலிருந்து சோயா சாஸ் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் ஊற்றி, உச்சிவேளை வரை ஊறவிட்டான். அகலமான மண்சட்டியில் உருளைக்கிழங்கைப் பரப்பி, அதன்மேல் சேவலை வைத்து மூடி, மூடிமேலும் நெருப்புக் கங்குகளைக் கொட்டினான். கொழுப்பு உருகிக் கிழங்கில் இறங்க இறங்க, மணம் பக்கத்து வீடுகளை எட்டிப் பார்க்க வைத்தது. இன்று என் வீட்டில் ஓவன் இருக்கிறது. அவன் விறகடுப்பில் செய்ததில் பாதிகூட எனக்கு வருவதில்லை என்பதைப் பெருமையாகவே சொல்வேன்.

சாயங்காலம் திரும்பிய அப்பா, முற்றத்தில் சிவப்பு இறகுகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அட சாமி, அது கருப்பனாருக்கு நேர்ந்துவுட்டதாச்சே! நீ கடல்ல இருந்து நல்லபடியா ஊடு வந்து சேரோணும்னு உங்கப்பன் நேர்ந்துவுட்ட சேவலு."

அண்ணன் முகம் வெளிறிப்போயிற்று. தனக்காக அப்பா சாமியிடம் வேண்டிக்கொண்டார் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா திட்டவில்லை. மூடியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். கால், இறக்கை எதுவும் கழலாமல் சேவல் பொன்னாக மின்னியது. "முழுசாத்தான இருக்குது. எடுத்துக்கிட்டு வா" என்று முன்னால் நடந்தார்.

கோயிலில் சட்டியைச் சாமிக்கு முன்னால் வைத்துச் சூடம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிக்கு உருளக்கெழங்கு ஒத்துக்குமான்னு தெரியலீங்களே" என்று பூசாரி இழுத்தபோது எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. மணத்துக்கே ஊர் கூடிவிட்டது. அப்பா தன் கையாலேயே பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். கடைசியாகத் தானும் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விரலைச் சப்பிக்கொண்டே பூசாரி கேட்டார்: "ஏனுங்க, இது ஆருங்க ஆக்குனது?"

அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்ற பையன்தானுங்க. கப்பல்ல சமையக்காரனா இருக்கறானுங்க."