எடித்தா அடைத்த வீடுகள்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ரோசமேல் மாமா போன் செய்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "உங்க அக்கா எங்க வீட்ல விழுந்துட்டா. ஆம்புலன்ஸ்காரங்க வந்து பாத்தாங்க. நீ மெதுவாவே வா" என்றார். மெதுவாக வரச் சொன்னதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பேருந்தில் ஆற்றைத் தாண்டும்வரை ஒரே கேள்விதான் மனதில் ஓடியது. ஒரு வருஷமாக அவளுக்குத் திறக்காத கதவு அது. அதற்குள் எப்படிப் போனாள்?

என் அக்கா எடித்தா ஹுவென்சுமில், கட்டடப் பொறியாளர். எங்கள் ஊரான தெமுகோவிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாத்ரே லாஸ் காசாஸிலும் பழைய மரவீடுகளில் வெப்பம் வெளியேறாமல் அடைப்பது அவள் வேலை. எங்கள் ஊரில் குளிர்காலம் என்றால் விறகுதான். ஈர விறகின் புகை மே மாதம் ஊர்மேல் வந்து படுத்தால் செப்டம்பரில்தான் எழுந்து போகும். எங்கள் அப்பாவே விறகு வெட்டி விற்றவர்; ரோசமேல் மாமா அவருடைய கூட்டாளி. நாங்கள் வளர்ந்த வீட்டின் பலகை இடுக்கு வழியாகத் தெருவில் போகிறவர்களின் சட்டை நிறம் தெரியும். அந்த வீட்டில் இருமி இருமி வளர்ந்தவள், படித்து முடித்ததும் விறகைக் குறைக்கும் வேலையைத் தேடிப் போனாள். "என் வீட்டுலயே என் வியாபாரத்துக்கு எதிரி பொறந்திருக்கா" என்று அப்பா மாமாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

வேலை வேடிக்கையானது. வாசல் கதவில் கித்தான் திரையைப் பொருத்தி, அதில் பெரிய மின்விசிறியை வைத்து, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுப்பாள். அப்போது எல்லா இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று உள்ளே சீறும். ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நடப்பாள். புகை எங்கே வளைகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிநின்று, பேய் ஓட்ட எவ்வளவு வாங்குகிறாள் என்று கேட்பார்களாம். "பேய் போகும், மாமியார் போகமாட்டா. அதுக்கு வேற விசிறி வேணும்" என்பாளாம் இவள்.

பிறகு ஆட்கள் வந்து சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு திணித்து, புதுப் பலகை அடித்து, இடுக்குகளை மூடுவார்கள். விறகடுப்பை எடுத்துவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் எரியும் அடுப்பை வைப்பார்கள். கடைசியாகச் சுவரில் வட்டமாக ஒரு காற்றுத்துளை போடுவார்கள். சண்டை அங்கேதான் தொடங்கும்.

எங்கள் ஊரில் ஊதக்காற்றைக் கண்டால் நெருப்பைக் கண்ட பயம். கழுத்து பிடிப்பதும் காது வலிப்பதும் குழந்தைக்குச் சளி கட்டுவதும் அதனால்தான் என்பார்கள். மாமாவின் மனைவி உபெர்லிந்தா அத்தை, தன் வீட்டில் துளை போட்ட அன்றே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டி, ஓட்டைய அடைக்க வந்தவ ஓட்டை போட்டுட்டுப் போறியே, உன்னை எந்தக் காலேஜுல படிக்க வெச்சாங்க?"

"வீடு மூச்சு விடணும் அத்தே."

"வீடு விடட்டும். எனக்குக் கழுத்து புடிச்சுக்கும்."

மறுவாரம் அந்தத் துளைக்குள் மாமாவின் பழைய கம்பளிக் காலுறை இருந்தது. எடித்தா அதை உருவி அத்தையின் கையில் கொடுப்பாள். சோப்பைப்பியா ரொட்டி பொரித்து, மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்து, இவளைச் சிரிக்கச் சிரிக்க அனுப்பிவிட்டு அத்தை மறுபடி திணிப்பாள். மாமா வீடு இருந்த சந்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். ஆனால் எரிபொருள் செலவு நன்றாகக் குறைந்தது. தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகளை அந்தச் சந்துக்குத்தான் கூட்டிப்போனார்கள். எத்தனை டன் கரியமில வாயு குறைந்தது என்று எழுதி, அத்தை வாசலில் நிற்கும் படத்தோடு எடித்தா வேலை பார்த்த நிறுவனத்தின் வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

போன வருஷம் ஜூலையில் பெல்லட் தீர்ந்துபோனது. கடைகளில் வரிசை நின்றது, பிறகு வரிசையும் இல்லை. விறகடுப்புகளை ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது. கொல்லைக் கொட்டகைகளிலிருந்து கரி போட்டு எரிக்கும் கணப்புச் சட்டிகள் வெளியே வந்தன. எடித்தா மேலாளரிடம் போய், அடைத்த வீடுகளுக்கெல்லாம் உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்றாள். அந்தச் சந்தின் ஒப்பந்தம் முடிந்து கணக்கும் மூடியாகிவிட்டது என்றார் அவர். வேலை முடிந்து மழையில் அவளே வீடு வீடாகப் போனாள். காற்றுப் போக வழியில்லாத வீட்டில் கணப்பின் நச்சுவாயு தூக்கத்திலேயே கொன்றுவிடும், அதை உள்ளே வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். மாமா வீட்டிலும் காலுறையை உருவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை அத்தை எழுந்திருக்கவில்லை. மாமா பக்கத்து அறையில் படுத்திருந்ததால் பிழைத்தார்.

சவத்தை வீட்டில்தான் வைத்திருந்தார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் விரியத் திறந்திருக்க, வந்தவர்கள் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் துளையிலிருந்து உருவிய காலுறை ஜன்னல் கட்டையில் கிடந்தது. அதை அப்புறப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. எடித்தா காபிக் கோப்பையோடு நின்றாள். மாமா குரலை உயர்த்தவில்லை.

"அந்த ஓட்டை வீட்ல நாப்பது வருஷம் கணப்பு வெச்சுத்தான் தூங்குனோம் எடித்தா. தெனமும் காலைல எந்திரிச்சோம்."

எடித்தா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது, துளையை அடைத்தது அவர்கள்தானே என்றேன்.

"அடைப்பாங்கன்னு தெரியும்டா" என்றாள். "கட்டில் தலைமாட்டுக்கு நேரா ஓட்டையப் போட்டா எவ அடைக்காம இருப்பா? வரைபடத்துல அங்கதான் இருந்துச்சு. நானும் அங்கயே போட்டேன்."

அன்றைக்குப் பிறகு சிரிக்கச் சிரிக்கப் பேசும் எடித்தாவை நான் பார்க்கவில்லை. வரவேற்பறையில் அந்தப் படத்தைக் கழற்றிவிட்டு மலைப்படம் ஒன்றை மாட்டினார்கள். அவள் வேறு மாதிரித் துளையை யோசித்தாள். அடுப்புக்குப் பின்னால், கூரைக்கு அருகே. சுவருக்குள்ளேயே வளைந்து போகும் குழாய். காற்று முகத்தில் அடிக்காது, துணி திணித்தாலும் நிற்காது. நிறுவனம் அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னது. அவள் பரிசீலனைக்குக் காத்திராமல், சனிக்கிழமைகளில் துளைக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிவிடுவாள். படியேறினால் மூச்சு வாங்கியது. டாக்டரிடம் போகச் சொன்னால், குளிர் முடியட்டும் என்பாள்.

சந்தில் சிலர் கதவைத் திறந்தார்கள். சிலர், கொலைகாரி என்று சொல்லாமல் சொல்லி அனுப்பினார்கள். பிறகு அவர்களும் மெல்லத் திறந்தார்கள். இந்தக் குளிர்காலம் வந்தபோது மாமா வீடு மட்டும்தான் பாக்கி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். ஜன்னல் திரை அசையும், கதவு திறக்காது. பெல்லட் வாங்க மாமாவுக்கு இப்போது வசதியில்லை, கணப்புதான் வைத்துக்கொள்கிறார் என்று அக்கம்பக்கத்தார் அவளிடம் சொல்லியிருந்தார்கள். "அந்தாளு திட்டட்டும், அடிக்கட்டும். சாகாம இருந்தாச் சரி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

நான் போனபோது அவளை அத்தையின் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்தியிருந்தார்கள். இதயம் என்றார்கள். மாமா நாற்காலியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு" என்றார். "போயிடுவான்னு பாத்தேன். போகல."

உள்ளே வந்தவள் பழைய துளையை மூடிவிட்டு, ஏணியில் ஏறிப் புதுத்துளையைத் தொடங்கியிருக்கிறாள். பாதியில் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாளாம். அவர் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் நான்" என்றார் மாமா.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்தது. நிறுவனத்திலிருந்து மலர்வளையம் வந்தது. மாமா வீட்டில் பழைய துளை மூடிக் கிடக்கிறது. புதுத்துளைக்கு உட்பலகை வட்டமாக அறுபட்டிருக்கிறது. கண்ணாடிப் பஞ்சும் எடுக்கப்பட்டிருக்கிறது. வெளிப்பலகை இன்னும் அறுபடவில்லை.