பட்டுத் தண்ணீர் தெளித்த மண்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய பொடிமண், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து மலையாகிவிட்டது. ஆடிக் காற்றில் அது பறந்து வந்து சோற்றிலும் படியும். அக்கா ஒவ்வோர் ஆடியிலும் மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடப்பாள். கடைசியில் டாக்டர் சொன்னதைக் கேட்டுக் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டாள். ஒரே சுவரின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக இருந்தவர்கள் நாங்கள். அவள் வாசலில் பூட்டுத் தொங்குவதைப் பார்க்க முடியாமல், பெங்களூர் போகும் காலை ரயிலுக்குச் சுற்று வழியில் போகப் பழகிக்கொண்டேன்.

அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். பட்டுநூல் எடுக்கும் இடங்களில் கூடு வேகவைத்த தண்ணீரைச் சாக்கடையில்தான் விடுவார்கள். அதில் கரைந்திருக்கும் பசை ஒரு புரதம். அதைப் பிரித்து, பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பழங்களைச் சுற்றும் மெல்லிய தாள் செய்வது எங்கள் வேலை. ஒருநாள் அந்தக் கரைசல் சன்னலோரத் தொட்டிமண்ணில் சிந்திவிட்டது. மறுநாள் பார்த்தால் அந்த இடம் அப்பளம்போல் இறுகியிருந்தது. ஊதிப் பார்த்தேன், தூசு எழவில்லை. எனக்கு அக்காவின் மூச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

இதை மேட்டில் தெளித்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கித் தலைமை ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சுரங்க நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டு அனுமதியும் வாங்கினார். மேட்டின் ஓரத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தெளித்தோம். போனில் சொன்னபோது அக்காதான் சிரித்தாள்.

"இன்னாடி, மண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டிவிடறியா?"

முதல் மழையிலேயே எல்லாம் கரைந்து ஓடியது. பிறகு, தோல் பதனிடப் போடும் கடுக்காயின் சாற்றைக் கலந்து பார்த்தோம். அதன் துவர்ப்பு புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நாலைந்து முறை அளவை மாற்றிய பின், ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியது.

கார்த்திகையில் அக்கா ஒருநாள் வந்தாள். செருப்புக் காலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். குனிந்து கைக்குட்டையால் தேய்த்தாள். கைக்குட்டையில் மண் ஒட்டவில்லை. பிறகு நிமிர்ந்து, மேட்டின் உச்சிவரை பார்த்தாள்.

"இவ்ளோ பெரிய மேட்டுக்கு எப்போடி போட்டு முடிப்பீங்க?"

தெரியவில்லை என்றேன். அடுத்து ஒரு சரிவு முழுக்கப் போடப்போகிறோம் என்று மட்டும் சொன்னேன். வர்ற ஆடிக்கு ஒரு வாரம் வந்து இருந்து பாரேன் என்று கேட்டேன். பஸ் ஏறும்போது என் கையை விடாமல், "அந்தச் சரிவு முடிஞ்சதும் சொல்லு" என்றாள்.

இந்தச் சித்திரையில் வேலை தொடங்கிப் பாதிச் சரிவு முடிந்திருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மீதியும் முடிந்து, ஓர் ஆடிக்காற்று அதன்மேல் அடித்துவிட்டுப் போகட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று காத்திருக்கிறேன்.