பச்சை பீரோவில் கிடந்த பெயர்கள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷம் போன் போர்டில் உட்கார்ந்திருந்தவள் அவள். எந்த வார்டுக்கு எந்த எண், எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், எல்லாம் விரல் நுனியில். வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து "ஹலோ" என்றுதான் குரல் வரும். அதனால் தெருவில் சின்னது பெரிசு எல்லாருக்கும் அவள் 'ஹலோ அக்கா'. ஒரு நாள், "ஒன்றை அமுக்கவும், இரண்டை அமுக்கவும்" என்று தானே பேசுகிற மெஷின் வந்தது. ஹலோ அக்கா ஒரு பூச்செண்டோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயசு.

நாத்தனார்தான் யோசனை சொன்னாள். "உங்க வாய்க்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை அல்வா மாதிரி அண்ணி." பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, புதுக் கைப்பையும் வாங்கியாயிற்று. பயிற்சி வகுப்பில் முதல் வேலையாக, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தொன்று வரை எழுதினாள். அதற்கு மேல் பால்காரர்தான் மிஞ்சினார்.

அந்த நாற்பத்தொரு பேரும் ஒரே மாதத்தில் அவளைக் கண்டால் காத தூரம் ஓட ஆரம்பித்தார்கள். யோசனை சொன்ன நாத்தனாரே போனை எடுத்து, "அண்ணி, குளிச்சிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றாள். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் பிராஞ்ச் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன். சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா இருக்கும், நாலில் ஒன்றும் எழுதாது.

"ஆள் தேடி அலையாதீங்கம்மா. ஆபீஸே லீடு குடுக்கும், ஃப்ரீயா" என்றார். இன்ஷூரன்ஸ் எடுக்கக்கூடிய ஆட்களின் பேரும் நம்பரும் இருக்கிற பட்டியலுக்குத்தான் அந்தத் தொழிலில் லீடு என்று பெயர்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று, மாடியில் இருக்கிற போன் டீமில் சேர்வது. தினம் முப்பது புதுப் பெயர் கையில் வந்து விழும். ஆனால் கமிஷன் பாதி. மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பிடித்த வாடிக்கையாளர் எல்லாம் ஆபீசுக்குச் சொந்தம், விலகினால் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். இரண்டாவது, கீழே ஃபைல் ரூமில் நிற்கிற பச்சை பீரோ. வேலையை விட்டுப்போன ஏஜென்டுகளின் பழைய வாடிக்கையாளர்கள் அதில் தூசியோடு தூசியாகக் கிடந்தார்கள். கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அவர்களாகப் புதுசாக ஏதாவது எடுத்தால் முழுக் கமிஷன்.

"அதை ஏன் யாரும் எடுக்கல சார்?"

மேனேஜர் சிரித்தார். "போற வீட்டிலெல்லாம் திட்டு விழும். அதுவும் ஃப்ரீதான்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் டிரைவர். பேச்சும் வண்டி ஓட்டுகிற மாதிரிதான், நிறுத்தம் வந்தால்தான் கதவு திறக்கும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுக் கேட்டார்: "ஓசியில குடுக்கறான்னா அதுல அவனுக்கு என்ன கெடைக்குது? அதை மொதல்ல கேளு. கையெழுத்தை அப்புறம் போடு."

அவர் சொன்னது சரியென்று பட்டது. ஒரு வாரம் மாடியில் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் அனுமதி வாங்கினாள்.

மாடியில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி 'கண்ணாடி'க்கு. அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். சோடாபுட்டிக் கண்ணாடியால் வந்த பெயர். அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் அவள் முகம் மலர்ந்துவிடும். வெயில் விழுகிற ஜன்னல், முறுக்கிக்கொண்ட போன் வயர்கள், ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் "வணக்கம் சார்" என்று ஆரம்பிக்கிற இரைச்சல். பழைய போர்டுக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று நாள் சந்தோஷமாகப் பேசினாள்.

நாலாம் நாள் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் போனை எடுத்தார்.

"இன்ஷூரன்ஸா? நீங்க ஒன்பதாவது ஆளும்மா."

"அப்படியா சார்?"

"ஆமா. ஜவுளிக் கடையில குக்கர் பரிசுன்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. பேரு, நம்பர் எழுதிப் போட்டேன். குக்கர் வரல. நீங்கல்லாம்தான் வந்துக்கிட்டே இருக்கீங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. மேனேஜரிடம் போய் நேராகவே கேட்டாள். அவர் மழுப்பவில்லை. "ஒரே லிஸ்ட்தாம்மா பல பிராஞ்சுக்குப் போகும். பன்னிரண்டு பேர் பேசினா ஆபீசுக்கு எப்படியும் நாலு பாலிசி விழுந்துடும். அது யார் கையில விழும்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

கண்ணாடி கையெழுத்துப் போட்டுவிட்டான். "எனக்கு நடக்க ஆகாதுக்கா, உட்கார்ந்த எடத்துல வேலை" என்றான். அவனுக்கு அது சரியாகவும் இருந்தது. அவள் படி இறங்கி பீரோவைத் திறந்தாள்.

மேனேஜர் சொன்னது பொய்யில்லை. போன வீட்டிலெல்லாம் நல்ல மரியாதை நடந்தது. "அந்தாளு எங்க? அவரை வரச் சொல்லு" என்று ஒருவர் நாயை அவிழ்த்துவிடாத குறை. இன்னொரு அம்மாள் வாசலில் நிற்க வைத்தே பத்து வருஷக் குறையைக் கொட்டித் தீர்த்தாள். ஹலோ அக்கா கேட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி போனில் கேட்காத அழுகையா, கேட்காத வசவா? திட்டி முடித்தவர்கள் பாதிப் பேர் "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார்கள். அதன் பிறகு பாலிசியை எடுத்துவரச் சொல்லி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துக் காட்டுவாள். இரண்டு மாதத்தில் புதுப் பாலிசி ஒன்றுகூட விழவில்லை. செருப்புதான் தேய்ந்தது.

மூன்றாம் மாதம் ஒரு வெல்டரின் ஃபைல் கைக்கு வந்தது. தேடிப் போனபோது கதவைத் திறந்தது அவர் மனைவி. வீட்டிலேயே பை தைத்துக் கொடுக்கிறவள், கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"அவர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றாள். பாலிசி இருந்ததே அவளுக்குத் தெரியாது.

அப்படியானால் பாலிசிப் பணம் வருமே என்று ஹலோ அக்கா பரபரத்தாள். இவளுக்கு ஒரு பெரிய உதவி செய்யப் போகிறோம் என்று மனசு துள்ளியது. இருவருமாக டிரங்குப் பெட்டியைக் குடைந்து பத்திரத்தை எடுத்தார்கள். மறுநாளே ஆபீசில் நாள் கணக்கைப் பார்த்தாள்.  வெல்டர் கடைசி அரை வருஷத் தவணையைக் கட்டவில்லை. கெடு முடிந்து, பாலிசி காலாவதியான பத்தொன்பதாம் நாள் இறந்திருக்கிறார்; முழுப் பணம் வராது. அந்தப் பாலிசியைப் பிடித்த ஏஜென்ட் வேலையை விட்டுப் போனது அதற்கு ஏழு மாதம் முன்னால். ஃபைலில் இருந்த குறிப்புப்படி, அதுவரை ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஏஜென்ட் போன் பண்ண, வெல்டர் மறுநாளே கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு போன் பண்ண ஆளில்லை.

நாலு மாதம் ஆபீசுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் கால் கடுக்க நடந்தாள். கட்டின அளவுக்கு ஏதோ கொஞ்சம் வந்தது. அதைச் சொல்லப் போன அன்று, தையல்காரி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"பத்தொன்பது நாளா?"

"ஆமாம்மா."

"ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா அவர் ஓடிப்போய்க் கட்டியிருப்பார்." மெஷின் நின்றது. "நீங்க வராமலே இருந்திருக்கலாம். எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்."

 ஹலோ அக்கா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினாள். பீரோவில் இருந்த அத்தனை பேரையும் கெடு தேதி வாரியாக எழுதினாள். தினம் காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கிறவர்களுக்கு எல்லாம் போன். "ஹலோ, தவணை வருது, மறந்துடாதீங்க." அவ்வளவுதான், வேறு எதையும் விற்கவில்லை. யாரோ விட்டுப்போன பாலிசிக்கு இவள் ஏன் மாரடிக்கிறாள் என்று பிராஞ்சில் சிரித்தார்கள். ஒரு வருஷம் அப்படித்தான் ஓடியது. பிறகு அந்தப் போன்களே திரும்பி வர ஆரம்பித்தன. "பையன் வேலைக்குப் போறான், அவனுக்கு ஒண்ணு போடணும்." "எங்க முதலாளி கேக்கறார், நீங்கதான் வரணும்." கண்ணாடி மூன்று வருஷம் முடித்து, வேறு கம்பெனிக்குப் போய், நன்றாகவே இருந்தான். இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் எதுவும் வரவில்லை.

நோட்டு ஆரம்பித்த மூன்றாம் வருஷக் கடைசியில் தையல்காரி கூப்பிட்டாள். 

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அவனுக்கு ஒரு பாலிசி போடணும்."

"நான்... வரட்டுமாம்மா?"

"பின்ன? அவன் சுத்த மறதிக்காரன். எத்தனை தடவை வேணும்னாலும் போன் பண்ணித் தொல்லை குடுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

போனாள். படிவம் நிரப்புகிற வரைக்கும் இருவரும் வேலைப் பேச்சுதான் பேசினார்கள். கிளம்பும்போது தையல்காரி, "கைப்பை வார் அறுந்து தொங்குதே, குடுங்க இப்படி" என்று வாங்கி, அங்கேயே உட்கார்ந்து இரட்டைத் தையல் போட்டாள். பைக்குள் இருந்த காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி ஹலோ அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.