இருபத்துமூன்றாம் எண்ணின் முத்திரை

தரபூசி மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் வரலாற்றில் 1954ஆம் ஆண்டு ரிமினி நகரப் பந்தயத்துக்கு ஒரே ஒரு வரிதான்: ‘இயந்திரக் கோளாறால் கலந்துகொள்ளவில்லை.’ அங்கே கொண்டுபோன இரண்டு வண்டியும் அதுவரை நன்றாகத்தான் ஓடின. ஓடவிடாமல் நிறுத்தியவள் நெவியா.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. போரின்போது தொழிற்சாலைக்கு வந்தவள். பிஸ்டன் பொருத்துவது அவள் வேலை. பிஸ்டனுக்கு நடுவே போகும் ‘பின்’ என்ற எஃகுத் தண்டு நழுவாமலிருக்க, இரு முனையிலும் ஒவ்வொரு கம்பி வளையம் போடவேண்டும். எண்ணெய்க் கையிலிருந்து அது துள்ளி ஓடிவிடும் என்பதால், நெவியா இரண்டாவது வளையத்தை மோதிரம்போலச் சுண்டுவிரலில் மாட்டிக்கொள்வாள். “இன்னைக்கு மாப்பிள்ளை யாரு?” என்று மேஸ்திரி ஒட்டோனே தினமும் கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை அவள் இரண்டு பந்தய எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, முதலாளி தரபூசியே பட்டறைக்குள் வந்தார். எல்லோருக்கும் ஒயின் ஊற்றினார். பந்தயம் பார்க்க ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, கை குலுக்கினார். நாற்பது பேரும் கைதட்டினார்கள். நெவியா சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

ஞாயிறு இரண்டு மணிக்கு, பந்தயம் நடக்கும் கடற்கரைச் சாலையின் நுழைவாயிலில் அந்தச் சீட்டை எடுத்தபோது கூடவே, விரலிலிருந்து பைக்குள் நழுவியிருந்த ஒரு வளையமும் உள்ளங்கையில் விழுந்தது.

அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வண்டிகள் நின்ற இடத்துக்கு ஓடினாள்.

“மேஸ்திரி, ஒரு எஞ்சின்ல வளையம் இல்ல.”

“எதுல?”

“தெரியல.”

ஒட்டோனே வண்டிகளைப் பார்த்தார். 17, 23. இரண்டு எஞ்சின்களிலும் காலையில் பந்தய அதிகாரிகள் குத்திய ஈய முத்திரை தொங்கியது. முத்திரை அறுந்த வண்டி பந்தயத்தில் ஓடக்கூடாது. பந்தயம் மூன்று மணிக்கு.

“நாப்பது நிமிஷம் ஓட்டிப் பாத்தோம்மா. ஒண்ணும் ஆகலையே.”

“ஐம்பதாவது நிமிஷம் அந்தப் பின் வெளிய வந்தா? சிலிண்டர்ல குத்தி, சக்கரம் அப்படியே இறுகிடும். வளைவுல வந்தா ஆளை அள்ளித்தான் எடுக்கணும்.”

முதலாளி வந்து கேட்டார். மிலானிலிருந்து வந்த வியாபாரிகள் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று ஜெயித்தால் முந்நூறு வண்டி எடுப்பதாகப் பேச்சு.

“ஒண்ணை மட்டும் தொற” என்றார்.

பதினேழின் முத்திரையை அறுத்தார்கள். சிலிண்டரைக் கழற்ற இருபது நிமிடம் ஆனது. உள்ளே இரண்டு வளையங்களும் பத்திரமாக இருந்தன.

எல்லோரும் இருபத்துமூன்றைப் பார்த்தார்கள். அதை ஓட்டவேண்டிய தெச்சிமோ தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டான்.

“பதினஞ்சு சுத்துதான். தாங்கும்.”

“தாங்காது” என்றாள் நெவியா.

“தாங்கலன்னா விழறது நான்தானே? நீ மறந்ததுக்கு என் பந்தயத்தை ஏன் கெடுக்குற?”

“மறந்தது நான்தான். அதுக்கு நீ சாகணுமா?”

“மொதலாளி, இவள அந்தப்பக்கம் கூட்டிட்டுப் போங்க.”

முதலாளி மேடையைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டிகளை வரிசைக்கு அழைக்கும் சங்கு ஊதியது. தெச்சிமோ வண்டியைத் தள்ளத் தொடங்கினான்.

நெவியா ஒட்டோனேயின் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். குனிந்து ஒரே வெட்டு. ஈயத் துண்டு தார்ச்சாலையில் உருண்டது.

தெச்சிமோ சொன்ன வசவுகளை இங்கே எழுத முடியாது. பந்தயம் அவர்களில்லாமல் கிளம்பிப் போனது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒட்டோனே எஞ்சினைப் பிரித்தார். அந்த எஃகுப் பின் அரை விரற்கடை வெளியே வந்திருந்தது. சிலிண்டர் சுவரில் நீளமாக ஒரு கீறல்.

முந்நூறு வண்டியும் போயிற்று. திங்களன்று நெவியா கணக்குத் தீர்த்துக்கொள்ளத் தயாராகவே போனாள். அவளுடைய வருகை அட்டை வழக்கமான இடத்தில் இருந்தது. அவள் மேசையில் முதலாளி அனுப்பிய, குழிகள் போட்ட மரப்பலகை ஒன்று வந்திருந்தது: ஒவ்வொரு குழிக்கும் ஒரு பாகம், பலகை காலியானால்தான் எஞ்சினை மூடலாம்.

தெச்சிமோ கோடை முழுக்க அவளோடு பேசவில்லை. செப்டம்பரில் அவனுக்குப் புது எஞ்சின் வந்தது. பட்டறை வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“கையைக் காட்டு.”

நெவியா பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.